தெ விசென்ஸோ தகுதி நீக்கம் செய்யப்படவில்லை

1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ தெ விசென்ஸோ வென்ற பட்டத்தை, அவரைத் தகுதி நீக்கம் செய்து பாப் கோல்பியிடம் கொடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அவர் பட்டத்தை வென்றார் என்பதும், தகுதி நீக்கம் செய்யப்பட்டார் என்பதும் இரண்டுமே சரியல்ல.

கடைசி நாள் 17-ஆவது குழியில் தெ விசென்ஸோ 3 அடிகளில் பந்தைக் குழியில் சேர்த்தார். அவருடைய ஸ்கோர் அட்டையை எழுதிய சக வீரர் டாமி ஆரன் அதை 4 என்று குறித்துவிட்டார். தெ விசென்ஸோ அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார். விதி இதில் மிகத் தெளிவாக இருந்தது: உண்மையைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்திட்டால்தான் தகுதி நீக்கம், கூடுதலான எண்ணுக்குக் கையெழுத்திட்டால் அந்த எண்ணே நிலைக்கும். ஆகவே கடைசிச் சுற்றில் அவர் ஆடிய 65 அடிகள், 66 ஆனது. நான்கு சுற்றுகளின் மொத்தம் 278. கோல்பி 277. கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார். தெ விசென்ஸோ இரண்டாம் இடத்தில்தான் முடித்தார், பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை.

அட்டை சரியாக இருந்திருந்தாலும் அவர் அன்றே வென்றிருக்க மாட்டார். இருவரும் 277-இல் சமநிலையில் நின்று, மறுநாள் 18 குழிகள் கொண்ட பிளேஆஃப் (வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் சுற்று) ஆடியிருப்பார்கள். அதில் யார் வென்றிருப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது.

அன்று தெ விசென்ஸோவுக்கு 45-ஆவது பிறந்தநாள், வருத்தம் நியாயமானதுதான். ஆனால் கோல்பியின் பட்டத்தைத் தானம்போலப் பேசுவது பெரிய அநீதி. கடைசிச் சுற்றில், 15-ஆவது குழியில் ஈகிள் (குழிக்கு வகுத்த எண்ணிக்கையைவிட இரண்டு அடிகள் குறைவு) உட்பட, 66 அடித்தவர் அவர்.