கிளிமஞ்சாரோவுக்கு ஐந்து நாள் போதுமா?

"தினமும் ஓடுகிறவர்களுக்கு கிளிமஞ்சாரோ ஐந்து நாள் வேலை, உயர நோய் எல்லாம் உடம்பைப் பேணாதவர்களுக்குத்தான்" என்று, தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில் ஏறுவது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

உயர நோய் என்பது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் போன்றவை. உடற்தகுதி அதைத் தடுக்காது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும். தெம்பு இருக்கிறதே என்று வேகமாக ஏறினால் ஆபத்து இன்னும் கூடும். உச்சி 5,895 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் பொது அறிவுரை. ஐந்து நாள் மராங்கு பாதையில் என்ன நடக்கிறது? இரவு தங்கும் ஹொரொம்போ குடில் சுமார் 3,700 மீட்டர். மறுநாளே சுமார் 4,700 மீட்டரில் உள்ள கிபோ குடில். அன்று நள்ளிரவிலேயே உச்சிக்குக் கிளம்ப வேண்டும்!

இந்தப் பாதையில்தான் போவதென்றால், உடம்பு உயரத்துக்குப் பழக ஹொரொம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். ஏழு நாள் மச்சாமே பாதை இன்னும் நல்லது: பகலில் சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் என்ற பாறை வரை ஏறி, இரவுக்கு பராங்கோ முகாமில் 3,900 மீட்டர் அளவுக்கு இறங்கித் தூங்கலாம்.

அப்புறம், மலை இறங்கிய கையோடு செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் எந்த மாதமும் வைல்டுபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் இனம்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்கலாம் என்பதும் சரியில்லை. அது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை, வடக்குப் பக்கம். பிப்ரவரியில் போகிறவர்கள் தெற்கே ந்டுட்டு பக்கம் போங்கள், அது கன்று ஈனும் காலம்.