'முன்னோர்' என்ற சொல்லை வைத்து முடிவு கட்ட வேண்டாம்
"அய்மாரா மக்களைப் போலவே தமிழரும் கடந்த காலத்தைக் கண்ணெதிரே வைத்தவர்கள், முன்னோர், முன்னாள் என்ற சொற்களே சாட்சி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அழகான எண்ணம்தான், ஆனால் சரியில்லை.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பேசப்படும் அய்மாரா மொழியில் 'நய்ரா' என்றால் கண், முன்பக்கம், கடந்த காலம். 2006-இல் ரஃபேல் நூன்யெஸும் ஈவ் ஸ்வீட்சரும் வெளியிட்ட ஆய்வு சொல்லோடு நிற்கவில்லை, கையையும் பார்த்தது. வட சிலியின் முதியவர்கள் வருங்காலத்தைப் பேசும்போது தோளுக்குப் பின்னால் கைகாட்டினார்கள். ஸ்பானிஷ் சரளமாகப் பேசும் இளையவர்களோ பெரும்பாலும் நம்மைப் போல முன்னால்தான் காட்டினார்கள்.

தமிழின் 'முன்' வரிசையைச் சொல்வது. ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் எனக்கு முன்பே அரிசி வாங்கிப் போவார். முன்னோரும் அப்படி நமக்கு முன்னே போனவர்கள். பேசுகிறவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் சொல் 'எதிர்காலம்', எதிரே இருக்கும் காலம்!

அப்புறம், "சைகை மொழியில் காலமே இல்லை" என்று அவர் சொன்னதும் தவறு. அமெரிக்கச் சைகை மொழியில் வருங்காலத்துக்குக் கை முகத்தருகிலிருந்து முன்னே போகும், கடந்த காலத்துக்குத் தோளுக்குப் பின்னே போகும்.