முப்பது வருட அனுபவமும் ஒரு ஹெல்மெட்டும்

கடந்த மாதம் எங்கள் குதிரையேற்றப் பயிற்சிக் களத்தில் நடந்த ஒரு சின்ன வாக்குவாதம் இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஹெல்மெட் அணிந்து, தாடைப் பட்டையைப் பூட்டிக்கொண்டு, குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் செய்து காட்டுவதற்காக மாஸ்டர் இன்னொரு குதிரையில் வெறுந்தலையோடு ஏறினார். "ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள் சார்" என்றேன். "முப்பது வருடமாகக் குதிரை மேல் இருக்கிறேன் அம்மா. அதெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு" என்றார். அந்தச் சிறுமி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எனக்குச் சேணத்தில் உட்காரச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் இந்தப் பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் ஹெல்மெட் இன்றைய நிலைக்கு வந்ததே கைதேர்ந்தவர்கள் விழுந்ததால்தான்.

கேப்டன் பென்னட் என்று ஒருவர். 1923இல் பிரிட்டனின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்றவர். மிகக் கடினமான தடைதாண்டும் பந்தயம் அது. அதே ஆண்டு டிசம்பரில் வுல்வர்ஹாம்ப்டனில் நடந்த பந்தயத்தில் கீழே விழுந்தார். தலையில் குளம்படி பட்டது. நினைவு திரும்பாமலே 17 நாள் கழித்து இறந்துபோனார். அதன் பிறகுதான் அங்கே தடைதாண்டும் பந்தய ஜாக்கிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது.

பந்தயத்துக்கு வெளியே நிலைமை மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. 1849இல் லண்டனில் பிறந்த பௌலர் தொப்பியே குதிரையில் போகும் வேட்டைக்காட்டுக் காவலர்களின் தலையில் தாழ்ந்த கிளைகள் இடிக்காமல் இருக்கச் செய்யப்பட்டதுதான். ஃபெல்ட் துணியில் அரக்கு ஏற்றிக் கெட்டியாக்கியிருப்பார்கள். பின்னால் வந்த வெல்வெட் தொப்பிகளும் ஏறக்குறைய அப்படியே: அரக்கில் நனைத்த துணி அடுக்கு, மேலே பட்டுப்போன்ற மினுமினுப்பு. பலவற்றில் பட்டையே கிடையாது. சவாரி செய்பவர் தரையைத் தொடுவதற்கு முன்பே தொப்பி தனியாகப் பறந்துவிடும். அழகுக்கு இருந்த மதிப்பு தலைக்கு இருக்கவில்லை என்பதே என் வருத்தம்.

டிரெஸ்ஸாஜ் என்ற குதிரை நடைக்கலைப் போட்டியில் இந்த அழகு மோகம் நெடுங்காலம் நீடித்தது. உயர்மட்டப் போட்டி என்றால் கறுப்பு நெடுந்தொப்பிதான் கௌரவம். ஹெல்மெட் போட்டால் கற்றுக்குட்டி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச் மாதம் ஃப்ளோரிடாவில் ஒரு குதிரையைப் பழக்கிக்கொண்டிருந்தார். குதிரை முரண்டு பிடிக்கவில்லை, துள்ளவில்லை. தன் காலே தடுக்கி விழுந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோமே, குதிரைக்கும்தான். தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டையோடு உடைந்து, வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தார். பிறகு நடக்கவும் பேசவும் மறுபடி பழக வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் மற்றவர்களை ஹெல்மெட் அணியச் சொல்லிக் குரல் கொடுத்தவர் அவர். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் டிரெஸ்ஸாஜ் வீராங்கனை சார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடு களமிறங்கித் தங்கம் வென்றார். அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2021 ஜனவரி 1 முதல்தான் சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனம் எல்லாப் போட்டிகளிலும் பாதுகாப்புக் கவசத்தைக் கட்டாயமாக்கி, நெடுந்தொப்பிக்கு விடை கொடுத்தது.

குதிரை மேல் உட்கார்ந்திருக்கும்போது நம் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சும்மா விழுந்தாலே தலை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். குதிரை நின்றுகொண்டிருந்தாலும் இதுதான் கணக்கு. வெறும் மண்டை கெட்டித் தரையில் ஓரிரு மில்லிமீட்டருக்குள் சடக்கென்று நின்றுவிடுகிறது; உள்ளே மூளை அந்த அதிர்ச்சி முழுவதையும் வாங்குகிறது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் வகை நுரை நசுங்கி, தலை நிற்பதற்கு இன்னும் கொஞ்சம் தூரம் கொடுக்கிறது. அந்தக் கொஞ்ச தூரம்தான் உயிர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் விழுந்தேன். காற்றில் படபடத்த பிளாஸ்டிக் உறையைக் கண்டு குதிரை மிரண்டு பக்கவாட்டில் தாவியது, அவ்வளவுதான். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டேன். ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் ஒரு கீறல் மட்டுமே. வீட்டுக்கு வந்து உள் துணியை உரித்துப் பார்த்தபோது, காதுக்குச் சற்று மேலே நுரை கட்டைவிரல் அகலத்துக்கு அமுங்கியிருந்தது. அதிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் பின்பக்கம் ஓடியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அன்று அதை என் விரலால் தடவிப் பார்த்தேன்.

ஹெல்மெட் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் ஒரு போட்டியில் குதிரை தடையைத் தாண்ட மறுத்துச் சட்டென்று நின்றதால் விழுந்தபோது ஹெல்மெட் அணிந்திருந்தார். கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்தது. கழுத்தைக் காக்க ஹெல்மெட்டால் முடியாது. ஆனால் மூளை தப்பியது. அதன் பிறகு அவர் பேசினார், எழுதினார், படம் இயக்கினார். தலை சுழன்று அடிபடுவதால் வரும் காயத்தைக் குறைக்க ஸ்வீடன் ஆய்வாளர்கள் மிப்ஸ் என்ற வழுக்கும் உள்ளடுக்கை உருவாக்கினார்கள். 2007இல் அது முதன்முதலில் வந்தது குதிரையேற்ற ஹெல்மெட்டில்தான்.

நல்ல ஹெல்மெட்டும் தலைக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை. பட்டையைப் பூட்டாமல் தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டோடு புருவத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். கொண்டையை உள்ளே திணிக்காதீர்கள். ஒருமுறை பலமாக அடி வாங்கியதை, பார்க்க நன்றாக இருந்தாலும், மறுபடி அணியாதீர்கள். நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது.

அன்று மாலை பயிற்சி முடிந்ததும் அந்தச் சிறுமி கழற்றி வைத்த ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். லாயத்தில் எல்லோருக்கும் பொதுவாக மாட்டி வைத்திருப்பதில் ஒன்று. உள்ளே தயாரிப்புத் தேதி அழிந்தே போயிருந்தது. சந்தேகம் வந்து, ஆணியில் தொங்கிய மற்றவற்றையும் இறக்கித் துணியை உரித்தேன். இரண்டில் நுரை வெடித்திருந்தது. யார், எப்போது, எப்படி விழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. குப்பையிலிருந்து யாராவது எடுத்து இன்னொரு குழந்தையின் தலையில் மாட்டிவிடக் கூடாதே என்று அந்த இரண்டின் பட்டைகளையும் வெட்டினேன். கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தது மாஸ்டர்தான்.