எம்.எஸ்சி.க்கு முன்னால் ஒரு வருஷம் கேஷுவாலிட்டியில் நில்லுங்கள்

"எம்.எஸ்சி.க்குக் கேட்கிற ஒரு வருஷ அனுபவச் சான்றிதழை மட்டும் எங்கயாச்சும் வாங்கிக்கிட்டா போதாதாக்கா?" பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கப் போகும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி நேற்று கேட்டாள். போதாதும்மா. ஏன் என்று அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நான் கேஷுவாலிட்டியில், அதாவது அவசரச் சிகிச்சைப் பிரிவில், நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். விடியற்காலையில் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலையைப் பிரிக்கும்போது திருக்கை மீனின் முள் காலில் ஏறிவிட்டது. மனுஷர் வலியில் துடிக்கிறார். எனக்கு ஊசி டிரே எங்கே இருக்கிறது என்பதைத் தவிர எதுவும் ஓடவில்லை. சீனியர் அக்கா ரத்தம் நின்றிருக்கிறதா என்று பார்த்தார், உடனே ஒரு பக்கெட் வெந்நீர் கேட்டார். திருக்கை விஷத்தின் வீரியம் சூட்டில் குறையும். ஏறக்குறைய 45 டிகிரி சூட்டில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருக்க வேண்டும். "குத்துப்படாத நல்ல காலை முதல்ல தண்ணியில விடுங்கண்ணே, சூடு தாங்குதான்னு பாருங்க" என்றார். குத்துப்பட்ட கால் வலியில் இருக்கும்போது சூட்டின் அளவு சரியாகத் தெரியாது, தோல் வெந்துபோகும். அப்புறம் முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்தார், வலி மருந்தும் டெட்டனஸ் தடுப்பு ஊசியும் போட்டோம். நாலு வருஷப் படிப்பில் யாரும் எனக்கு அந்த நல்ல கால் விஷயத்தைச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று, மூச்சு எண்ணுவது. எந்த வார்டிலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு மூச்சு நிமிஷத்துக்கு 20 என்றே எழுதியிருக்கும். எண்ணாமல் எழுதுவது. நானும் எழுதியிருக்கிறேன், இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. பெரும்பாலும் நோயாளி மோசமாகும்போது பிரஷர் இறங்குவதற்கு முன்பே மூச்சு ஏறிவிடும். முழு ஒரு நிமிஷம் நெஞ்சைப் பார்த்து எண்ணும் பழக்கம் வராதவர், நாளைக்கு ஐ.சி.யூ.வில் எதை வைத்து முடிவெடுப்பார்?

இந்திய நர்சிங் கவுன்சில் எம்.எஸ்சி.க்கு ஒரு வருஷ அனுபவம் கேட்பது சும்மா இல்லை. தீவிர சிகிச்சைக்கென்றே இருக்கும் கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கும் அதேதான். அந்த இரண்டு வருஷப் படிப்பு முக்கால்வாசி ஐ.சி.யூ.வில்தான் நடக்கும். வென்டிலேட்டரைப் புரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் கேனுலா போட, அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் சின்னக் குழாய் செருக, கை நடுங்கினால் எப்படி? வெயிலில் நாளெல்லாம் நின்று உடம்பு வற்றிப்போய் வருகிறவருக்கு ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். அந்த விரல் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

சம்பளம் குறைவு, உண்மைதான். "சும்மா ஒரு வருஷம் போகுதே" என்று வீட்டில் புலம்புவதும் தெரியும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் சான்றிதழ் கொடுக்கவே நாலு மாதம் இழுத்தார்கள், அது பெரிய அநியாயம். ஆனாலும் அந்த ஒரு வருஷம் வீண் இல்லை.

முடிந்தால் பெரிய ஊருக்குப் போகாமல் நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமே வேலைக்குச் சேருங்கள். திருக்கை, பாம்புக்கடி, பிரசவம், நெஞ்சுவலி எல்லாம் ஒரே ராத்திரியில் வரும். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சேரும் இடத்தில் கேஷுவாலிட்டியும் பிரசவ வார்டும் மாற்றி மாற்றிப் போடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், இந்த வாரம் நைட் டூட்டி, காலையில் பதில் சொல்கிறேன்.