பெட்டி தூக்க வந்த தளபதி

சிலியின் ராணுவத் தளபதி பினோசெட் தன் பாதுகாப்பு அமைச்சரிடம் அவ்வளவு பணிவு காட்டுவாராம். கோட்டு மாட்டிவிட வருவார், கைப்பெட்டியை நான் தூக்குகிறேன் என்பார். அந்த அமைச்சர் ஓர்லாண்டோ லெடலியர். 1973 ஆகஸ்ட் கடைசியில் பதவிக்கு வந்தவர். இந்தப் பணிவெல்லாம் இரண்டே வாரம்தான் ஓடியது. செப்டம்பர் 11 அன்று பினோசெட் தலைமையில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அன்று காலை அமைச்சகத்துக்குப் போன லெடலியரைத் துப்பாக்கி முனையில் பிடித்தது அவருடைய ராணுவமேதான்.

சிலியின் தென்கோடியில், மெகல்லன் நீரிணையின் குளிரில் டாசன் தீவுச் சிறை, அப்புறம் வேறு சிறைகள். ஒரு வருடம் கழித்து, வெனிசுவேலா தலைநகர் காரகாஸின் ஆளுநர் டியேகோ அரியா தலையிட்டதால் வெளியே வந்தார். அங்கிருந்து வாஷிங்டன்.

கையில் ஆயுதம் இல்லை, பின்னால் படை இல்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்து பினோசெட்டுக்கு ஏன் அவ்வளவு பயம்? எனக்குத் தோன்றுவது இதுதான். வாஷிங்டன் அவருக்குப் பழகிய ஊர். அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கியில் பல வருடம் வேலை பார்த்தவர், பிறகு அங்கேயே சிலியின் தூதர். எந்தக் கதவைத் தட்டினால் பினோசெட்டுக்குப் போகும் பணம் நிற்கும் என்று தெரியும், தட்டினார். 1976 ஆகஸ்டில் ஒரு கட்டுரையும் எழுதினார்: சித்திரவதையைத் திட்டிவிட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து பினோசெட் அரசுக்கு வழிகாட்டிய பொருளாதார நிபுணர்களின் சந்தைக் கொள்கையை மட்டும் பாராட்டாதீர்கள், அடக்குமுறை இல்லாமல் அந்தக் கொள்கை அங்கே நடக்காது என்று. ஒரு சர்வாதிகாரிக்கு வசவு வலிக்காது. வரவு நின்றால் வலிக்கும்.

செப்டம்பர் 10, குடியுரிமை பறிப்பு. அன்றே நியூயார்க் மேடையில் "சிலியனாகப் பிறந்தேன், சிலியனாக இருக்கிறேன், சிலியனாகவே சாவேன்" என்றார்.

பதினொரு நாள்தான். செப்டம்பர் 21 காலை, வாஷிங்டனின் ஷெரிடன் சர்க்கிளில் அவர் ஓட்டிவந்த காரின் அடியில் குண்டு வெடித்தது. பக்கத்து இருக்கையில் ரோனி மொஃபிட், 25 வயது, லெடலியர் வேலை பார்த்த அதே ஆய்வு நிறுவனத்தில் வேலை. முந்தின நாள் ரோனியின் கார் மக்கர் செய்ததால், லெடலியரின் காரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் கணவரோடு வந்து லெடலியரை ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் இருந்த கணவர் மட்டும் பிழைத்தார். லெடலியரைப் பற்றி எழுதுகிற பலர் ரோனியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்தும்.

தென் அமெரிக்க ராணுவ ஆட்சிகளிடம் இப்படிக் கொலை வேண்டாம் என்று சொல்ல அமெரிக்க அரசிடம் ஓர் எச்சரிக்கை தயாராக இருந்தது. செப்டம்பர் 16 அன்று அதை நிறுத்தியவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர். அவருக்கு அமைதிக்கான நோபல் வேறு!

குண்டைப் பொருத்திய மைக்கேல் டவுன்லி, சிலி உளவுத்துறைக்கு வேலை செய்த அமெரிக்கர். அரசுத் தரப்பு சாட்சியாகி, ஐந்து வருடச் சொச்சம் சிறையில் இருந்துவிட்டுப் புதுப் பெயரில் வாழப் போனார். உளவுத்துறைத் தலைவர் கொன்ட்ரேராஸுக்கு ஏழு வருடம். இரண்டு உயிருக்கு ஏழு வருடம்!

சொந்த மண்ணில் புதைக்க வழியில்லாமல் லெடலியரைக் காரகாஸில் புதைத்தார்கள். 1992இல்தான் சிலிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் மக்களாட்சி திரும்பியிருந்தது. ஆனால் ராணுவத் தளபதி நாற்காலியில் அப்போதும் உட்கார்ந்திருந்தவர் பினோசெட்.