பங்காளிச் சண்டைக்குப் பிள்ளையின் இரத்தமா?

தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் நஞ்சைப் பாகப்பிரிவினை முற்றும்போது, இறந்துபோன அண்ணனின் மகனைச் சுட்டி, ‘இவன் அவருக்குப் பிறந்தவனே இல்லை, டிஎன்ஏ எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்று சித்தப்பா முறையில் இருப்பவரே சொல்லத் துணிவதைக் கேட்கிறோம். அந்த அண்ணன் உயிரோடிருந்தவரை அவனுக்குக் காதுகுத்தி, பள்ளியில் தகப்பன் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொடுத்து வளர்த்தது அப்போது எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தையும், திருமணம் முறிந்தபின் தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாட்களுக்குள் பிறந்த குழந்தையும் அந்தக் கணவருடைய முறையான பிள்ளைதான் என்பதற்கு அதுவே முடிவான சான்று என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கூறியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 116ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இதை உடைக்க ஒரே வழி, கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை என்று மெய்ப்பிப்பது. கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சம்பாதிக்கப் போனவர்கள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அத்தகைய குடும்பத்தில் கடவுச்சீட்டில் விழுந்த முத்திரைகளே அந்தச் சான்றாகலாம். ஆனால் இடையில் ஒரு மாத விடுப்பில் வந்து போயிருந்தால், வாதம் அங்கேயே தளர்ந்துவிடும்.

அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் 1872க்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. உச்ச நீதிமன்றமே இதில் ஒரே குரலில் பேசியதில்லை. கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993இல் சொன்னது. தம்பதியர் சேர்ந்து வாழ்ந்திருந்தால் டிஎன்ஏ முடிவுகூட அந்த அனுமானத்தை அசைக்காது என்று 2001இல் சொன்னது. 2014இலோ, சோதனை முடிவு கையில் இருந்த ஒரு ஜீவனாம்ச வழக்கில், அறிவியல் உண்மையே மேலோங்கும் என்றது. 2023க்குப் பின் வந்த தீர்ப்புகள் மீண்டும் குழந்தையின் அந்தரங்க உரிமையை முன்னிறுத்துகின்றன. 2025 நவம்பரில், தஞ்சை மாவட்டத்தில் காவல்துறைப் புகாராகத் தொடங்கிய வழக்கு ஒன்றில், டிஎன்ஏ சோதனைக்கு உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. இந்தத் திசைதான் சரி என்பது என் கருத்து. ஏனெனில் சோதனையைக் கேட்பவர் ஒருவர், அதன் விளைவை ஆயுள் முழுவதும் சுமப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் வழக்கு தொடுத்தவரும் அல்லர், தவறு செய்தவரும் அல்லர்.

ஏமாற்றப்பட்ட கணவரின் வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. அவருக்கு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்க வேண்டும், ஆனால் காலவரம்போடு. ஜெர்மனியில் ஐயத்துக்குரிய செய்தி தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தந்தைமையை எதிர்த்து வழக்குத் தொடுத்தாக வேண்டும். நம் 116ஆம் பிரிவில் அப்படியொரு கெடு இல்லாததால்தான், பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளையின் பிறப்பும் வழக்காகிறது.

பங்காளிகளுக்கு அந்த உரிமைகூட இருக்கக் கூடாது. திருமணமே செல்லாது என்றாலும், அதில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் சொத்தில் பங்குண்டு என்று இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது; கூட்டுக்குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு விழும் பங்குக்கும் அது பொருந்தும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. செல்லாத திருமணத்தின் பிள்ளைக்கே இவ்வளவு காப்பு இருக்கையில், முறையான திருமணத்தில் பிறந்து, தகப்பனே தன் மகனென்று வளர்த்தவனை அவர் மறைந்தபின் ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரும் மனுவை, முதல் விசாரணையிலேயே செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்ய வேண்டும்.