480 வகை வாக்காளரும் எங்கள் வேலூரும்

வாக்காளர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று தேர்தலை முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்ப்பது முகநூல் காலத்து வேலை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது இன்னும் பழைய கதை. அமெரிக்காவில் 1959-லேயே சிமுல்மேட்டிக்ஸ் என்றொரு கம்பெனி வந்துவிட்டது. பழைய கருத்துக்கணிப்புகளின் துளை அட்டைகளை (அந்தக் காலக் கணினிக்குத் தகவல் ஊட்டும் அட்டைகள்) திரட்டி, வாக்காளர்களை 480 வகையாகப் பிரித்தார்கள். கிழக்குப் பகுதி, பெருநகரம், குறைந்த வருமானம், வெள்ளையர், கத்தோலிக்கர், பெண், ஜனநாயகக் கட்சி: இத்தனையும் சேர்ந்தால் ஒரு வகை! 1960-இல் ஜனாதிபதி வேட்பாளர் கென்னடி தரப்புக்குப் போன கம்பெனியின் அறிக்கை, அவர் கத்தோலிக்கர் என்பதை மழுப்பாமல் நேராகப் பேசினால் லாபமே என்றது. செப்டம்பரில் ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் பாதிரியார்கள் முன்னால் அவர் பேசவும் செய்தார். கணினி சொல்லித்தான் பேசினாரா? எனக்கு நம்பிக்கையில்லை. கம்பெனி என்னவோ பெருமையடித்துக்கொண்டது, 1970-இல் திவால்.

சரி, அதே வித்தையை எங்கள் தொகுதியில் காட்டட்டும். 2019-இல் பணம் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது. ஆகஸ்ட் 5-இல்தான் ஓட்டுப் போட்டோம். வெற்றி வித்தியாசம் வெறும் 8,141 ஓட்டு. தொகுதிக்குள்ளேயே ஆம்பூர், வாணியம்பாடி ஒரு பக்கம் சாய்ந்தன, குடியாத்தம், கே.வி.குப்பம் மறுபக்கம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணையும் குடியாத்தம் லுங்கி நெசவாளியையும் 'குறைந்த வருமானம்' என்று ஒரே கட்டத்தில் போட்டால் கணக்கு அங்கேயே இடறும். போதாக்குறைக்கு 1989-இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கினார்கள். பழைய மாவட்டப் புள்ளிவிவரத்தை எந்த எல்லைக்குள் வைத்து ஓட்டுவார்களாம்?